எழுதும்போதே பக்கத்தைப் பார்க்க: வீட்டுக் கணினியில் ஒரு சின்னச் சேர்வர்

அல்குர்ஆன் வசனமொன்றை மேற்கோள் காட்டும்போது சூறாவின் இலக்கத்தையும் வசனத்தின் இலக்கத்தையும் பக்கத்தில் போடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். ஆலு இம்ரான் சூறாவின் பதினெட்டாம் வசனத்தை 3-18 என்று எழுதுவோம். இந்தச் சின்ன இலக்கம்தான் தமிழ் படிப்பிக்கும் என்னைக் கணினியின் உள்வேலைகளுக்குள் இழுத்துவிட்டது.

கல்வியின் சிறப்பைப் பற்றிய கட்டுரையொன்றை இணையப் பக்கமாக ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். அல்லாஹ்வின் ஏகத்துவத்துக்கு மலக்குகளோடு அறிவுடையோரும் சாட்சியாக இருப்பதைச் சொல்லும் அந்த வசனத்தில்தான் கட்டுரையின் உயிரே இருந்தது. அரபு மூலத்தைத் தடித்த எழுத்தில் போட்டு, அதையடுத்து 3-18 என்று தட்டினேன். இரண்டு தடவை ஒப்புநோக்கிவிட்டுத்தான் பதிவேற்றினேன். அடுத்த நாள் காலையில் மூத்த மௌலவி ஒருவர் கோல் எடுத்தார். “சேர், கஹ்பு சூறாவில மூணாவது ஆயத்துக்கும் நீங்க எழுதியிருக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 18-3 என்று இருந்தது. நான் தட்டிய கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 3-18 என்றுதான் இருந்தது. பதினெட்டாவது சூறாவான கஹ்பிலும் மூன்றாம் வசனம் ஒன்று உண்டல்லவா? நற்கூலி பெற்றோர் அதில் என்றென்றும் தங்கியிருப்பதைச் சொல்லும் வசனம் அது. இலக்கம் பிழையென்று காட்டிக்கொடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. மௌலவி ஹாபிழாக இருந்தபடியால் பிடிபட்டது. இல்லாவிட்டால் அந்தப் பிழை அப்படியே கிடந்திருக்கும். அதைப் பார்த்து எழுதுபவர்களின் கட்டுரைகளுக்கும் போயிருக்கும்.

நாம் திருத்துகின்ற கோப்பும் வாசகர் பார்க்கின்ற பக்கமும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. கோப்பை எவ்வளவு கவனமாக ஒப்புநோக்கினாலும் பக்கத்தை ஒப்புநோக்கியதாகாது. பக்கத்தை வாசகர் பார்ப்பதுபோலவே, எழுதுகின்ற நேரத்திலேயே பார்க்க வேண்டும். அதற்கு உதவுவது நம் கணினிக்குள்ளேயே ஓடக்கூடிய ஒரு சிறிய வலைச் சேர்வர். அதை அமைக்கும் முறையையும், அது வேலை செய்யும் விதத்தையும் இங்கே சொல்லப் போகிறேன்.

இலக்கம் ஏன் புரண்டது?

தமிழ் இடமிருந்து வலமாகவும் அரபு வலமிருந்து இடமாகவும் ஓடுவது நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே வரியில் வரும்போது எந்தத் துண்டு எந்தப் பக்கம் ஓட வேண்டுமென்று கணினி தீர்மானிக்க வேண்டும். அதற்கு யுனிகோட் தரத்தில் இருதிசை விதிகள் என்றொரு தொகுதி உண்டு. அந்த விதிகளின்படி தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் அரபு எழுத்துக்கும் உறுதியான திசை உண்டு. எண்கள், கோடுகள், காற்புள்ளிகள் போன்றவை அண்டை அயலைப் பார்த்துத் தங்கள் திசையை முடிவு செய்பவை.

எண்ணுக்கு முன்னால் கடைசியாக வந்த உறுதியான எழுத்து அரபு எழுத்தாக இருந்தால், அந்த எண் அரபு ஓட்டத்தோடு சேர்ந்துவிடும். இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும் சிறுகோடும் வலமிருந்து இடமாகத் திரும்பிவிடும். அதனால் 3-18 என்பது 18-3 ஆகிறது. சிறுகோட்டுக்குப் பதிலாக முக்காற்புள்ளி போட்டு 3:18 என்று எழுதினால் இரண்டு எண்களும் இடம் மாறா. ஆனால் முழு இலக்கமும் அரபுச் சொல்லின் இடப்பக்கத்துக்குப் போய், தமிழ் வாசகரின் கண்ணுக்கு வசனத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

அப்படியானால் என் கோப்பில் ஏன் சரியாகத் தெரிந்தது? இணையப் பக்கத்தை எழுதுவது எச்.ரி.எம்.எல். என்ற குறிமொழியில். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க அதன் இருபுறமும் ஆங்கில எழுத்துக் குறிகளை இடுகிறோம். கோப்பில் அரபு வசனத்துக்கும் எண்ணுக்கும் நடுவே அந்த முடிவுக் குறி நின்றது. அதிலுள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்து எண் ஒழுங்காக நின்றது. பிரவுசரோ குறிகளை விழுங்கிவிட்டுச் சொற்களை மட்டும் காட்டும். குறி மறைந்தவுடன் எண்ணின் அயலவர் அரபு எழுத்தாகிவிட்டார். கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிழை ஒருபோதும் கண்ணில் படாது.

திருத்தம் சுலபமானது. அரபுப் பகுதியை பி.டி.ஐ. என்ற குறிக்குள் வைத்தால் அது வேலி கட்டினாற்போல் தனித்து நிற்கும். வெளியே உள்ள எண்ணை இழுக்காது. அரபுப் பகுதியைச் சுற்றியுள்ள குறியில் ‘திசை: வலமிருந்து இடம்’ என்ற பண்பைக் கொடுத்தாலும் இன்றைய பிரவுசர்களில் அதே பலன் கிடைக்கும். ஒரே வரியில் இரண்டு அரபுச் சொற்களைக் காற்புள்ளியிட்டு எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும். வேலி இல்லாவிட்டால் முதலாவது சொல் வலப்பக்கத்திலும் இரண்டாவது இடப்பக்கத்திலும் தெரியும்.

சேர்வர் என்றால் என்ன?

சேர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் பெரிய இயந்திரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் சேர்வர் என்பது ஒரு வேலை. கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வேலை. நூலகத்தில் நாம் சீட்டில் நூலின் பெயரை எழுதிக் கொடுக்கிறோம், நூலகர் உள்ளே போய் எடுத்து வந்து தருகிறார், இல்லாவிட்டால் இல்லையென்கிறார். பிரவுசர் சீட்டு எழுதுகிறது. சேர்வர் நூலகராக இருக்கிறது. இருவரும் பேசிக்கொள்ளும் ஒழுங்குக்கு எச்.ரி.ரி.பி. என்று பெயர்.

டிம் பேர்னஸ்-லீ 1989இல் சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் இந்த வலையை முன்மொழிந்தார். உலகின் முதலாவது வலைச் சேர்வர் அவருடைய மேசையிலிருந்த நெக்ஸ்ட் கணினியில்தான் ஓடியது. யாராவது தெரியாமல் நிறுத்திவிடக் கூடாதென்று, இது ஒரு சேர்வர், அணைக்க வேண்டாம் என்று கையால் எழுதி அதில் ஒட்டியிருந்தார்கள். அவர் எழுதிய முதலாவது பிரவுசர் பக்கத்தைக் காட்டுவதோடு நிற்கவில்லை; அதே சாளரத்தில் பக்கத்தைத் திருத்தவும் இடம் கொடுத்தது. எழுதுவதும் பார்ப்பதும் ஆரம்பத்தில் ஒன்றாகவே இருந்தன. பின்னால் பரவிய பிரவுசர்கள் பெரும்பாலும் பார்ப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டன. நம் மேசையில் ஒரு சின்னச் சேர்வரை ஓடவிடுவதால் பிரிந்த அந்த இரண்டும் திரும்பவும் பக்கத்தில் வருகின்றன.

கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கத்தானே செய்கிறது, சேர்வர் எதற்கு என்று கேட்கலாம். ஒற்றைப் பக்கமென்றால் அது போதும். என் இலக்கப் பிழைகூட அப்படிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பத்துக் கட்டுரைகள், படங்கள், எழுத்துருக்கள், பொதுவான அலங்காரக் கோப்பு என்று ஓர் இதழாக வளரும்போது அது கைகொடுக்காது. சாய்கோட்டில் தொடங்கும் முகவரிகளைச் சேர்வர் நம் இதழின் கோப்புறையிலிருந்து தேடும். நேரே திறந்தால் பிரவுசர் கணினியின் வட்டின் அடியிலிருந்து தேடும்; படங்கள் காணாமல் போகும். ஒரு பக்கம் இன்னொரு கோப்பை வாசித்தெடுப்பதையும் நேரே திறந்த நிலையில் பிரவுசர்கள் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடும். பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியும் அப்போது கிடைக்காது.

ஒரே வரியில் ஒரு சேர்வர்

பைதன் என்ற நிரல்மொழி இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு தடவை டவுன்லோட் செய்து நிறுவினால் சேர்வரும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. டேட்டா முடிந்திருந்தாலும் வேலை நடக்கும்.

முதலில் இதழுக்கென ஒரு கோப்புறையை உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். முகப்புப் பக்கத்துக்கு இன்டெக்ஸ் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு எச்.ரி.எம்.எல். கோப்பாகச் சேமியுங்கள். கோப்புறையின் பெயரை மட்டும் கேட்டால் சேர்வர் தேடிக் கொடுப்பது அந்தக் கோப்பைத்தான்.

விண்டோஸ் கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்து, மேலேயுள்ள முகவரிப் பட்டையில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தட்டி என்டர் பண்ணினால் கறுப்புச் சாளரமொன்று வரும். அதில் ஆங்கில எழுத்துக்களில் ஒரு வரி தட்ட வேண்டும். அதைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்: பை (பி, வை ஆகிய இரண்டு எழுத்துக்கள் மட்டும்), ஓர் இடைவெளி, கழித்தல் குறியும் அதோடு ஒட்டிய சின்ன எம் எழுத்தும், ஓர் இடைவெளி, எச், ரி, ரி, பி ஆகிய நான்கு எழுத்துக்கள், ஒட்டியபடியே ஒரு புள்ளியும் சேர்வர் என்ற சொல்லும், ஓர் இடைவெளி, 8000. லினக்ஸ், மெக் கணினிகளில் முதற் சொல் பைதன் என்பதும் அதோடு ஒட்டிய 3 என்ற எண்ணும்.

என்டர் பண்ணியதும் சேர்வர் ஓடத் தொடங்கும். பிரவுசரின் முகவரிப் பட்டையில் 127.0.0.1:8000 என்று தட்டினால் உங்கள் முகப்புப் பக்கம் வரும். நிறுத்த வேண்டுமானால் கறுப்புச் சாளரத்துக்குப் போய் கொன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினால் சரி.

127.0.0.1 என்பது ‘இதே கணினி’ என்று பொருள்படும் முகவரி. லோக்கல்ஹோஸ்ட் என்று பெயரிட்டு அழைப்பதும் இதைத்தான். இந்த முகவரிக்குப் போகும் சீட்டு கணினியை விட்டு வெளியே போவதேயில்லை. 8000 என்பது வாசல் இலக்கம். ஒரே கணினியில் பல சேர்வர்கள் ஓடலாம். அவற்றைப் பிரித்தறிய 65535 வரை இலக்கங்கள் இருக்கின்றன. பொது வலைத்தளங்களின் வழக்கமான வாசல் 80. பாதுகாப்பான தொடர்புக்கு 443. 8000ஐ வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டிருந்தால் 8001 என்று மாற்றிக்கொள்ளலாம்.

பக்கம் திறக்கும்போது கறுப்புச் சாளரத்தில் வரிகள் ஓடுவதைக் கவனியுங்கள். பிரவுசர் எழுதிய ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரி. வரியின் பின்பகுதியில் 200 என்றிருந்தால் கேட்டது கிடைத்தது. 404 என்றிருந்தால் அந்தப் பெயரில் கோப்பில்லை. ஒரு படம் தெரியாவிட்டால் மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. 404 நிற்கும் வரியைப் பார்த்தால் எந்தக் கோப்பின் பெயரைப் பிழையாக எழுதினோமென்று தெரிந்துவிடும்.

தமிழ் உடைந்து தெரிந்தால்

சிலருக்குப் பக்கம் வரும், தமிழ் வராது. அதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். முதலாவது, கட்டுரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருப்பது. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக்கள்; தமிழ் வடிவம் எழுத்துருவின் வேடம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்து ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். இப்படியானவற்றை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கோப்பு யுனிகோட்டாக இருந்தும் பிரவுசர் அதை வேறு குறிமுறையாக எண்ணிக்கொள்வது. யூ.ரி.எப்.-8 முறையில் ‘அ’ என்ற ஓரெழுத்தைச் சேமிக்க மூன்று பைட் வேண்டும். ‘கு’ என்பதற்கு ஆறு. ககரத்துக்கு மூன்று, உகரக் குறிக்கு மூன்று. அரபு எழுத்துக்கு இரண்டு. மேலைநாட்டுப் பழைய குறிமுறையாகப் பிரவுசர் நினைத்தால் ஒவ்வொரு பைட்டையும் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டும். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்து மூன்றுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வருகிறதா? உங்கள் தமிழ் அழியவில்லை, பிழையாக வாசிக்கப்படுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் குறிமுறை யூ.ரி.எப்.-8 என்று ஒரு வரி எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

அரபுத் தமிழ்ப் பனுவல்களைப் பதிப்பிப்பவர்களுக்கு இன்னுமொரு சோதனை உண்டு. தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துக்களில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து ஆக்கிய எழுத்துக்கள் எல்லா அரபு எழுத்துருக்களிலும் இருப்பதில்லை. இல்லாத எழுத்தைப் பிரவுசர் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டும். சொல்லின் நடுவில் இணைப்பு முறிந்துவிடும். எழுத்துருக் கோப்பை இதழின் கோப்புறைக்குள்ளேயே வைத்துச் சேர்வர் மூலம் கொடுத்தால், வாசகருக்கும் அதே எழுத்துருதான் போகும். முறிவு எங்கே இருக்கிறதென்று நாமே முன்கூட்டிப் பார்த்துவிடலாம்.

சேமித்தவுடன் பக்கம் மாற

இதுவரை சொன்னதில் ஒரு அலுப்பு இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சேவ் பண்ணி, பிரவுசருக்குப் போய், புதுப்பிக்கும் விசையை அழுத்த வேண்டும். சில வேளை பிரவுசர் தன்னிடமுள்ள பழைய பிரதியையே காட்டி ஏமாற்றும். திருத்திய பிழை திருத்தப்படாமல் நிற்பதுபோல் தோன்றும்.

இதைத் தீர்க்க முப்பது நாற்பது வரிகளில் சொந்தமாக ஒரு பைதன் நிரல் எழுதலாம். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளையொன்றால்கூட எழுத முடியும். அதற்குச் சொல்ல வேண்டிய விஷயங்கள் நான்கு. பைதனில் ஏற்கெனவே இருக்கும் சேர்வரை அடிப்படையாக எடு. ஒவ்வொரு விடையோடும் ‘பிரதியெடுத்து வைக்காதே’ என்ற தலைக்குறிப்பைச் சேர்த்து அனுப்பு. ‘மாற்றம்’ என்பதுபோன்ற ஒரு தனி முகவரியை யாராவது கேட்டால், கோப்புறையிலுள்ள கோப்புக்களில் கடைசியாகத் திருத்தப்பட்டதன் நேரத்தை ஓர் எண்ணாகக் கொடு. எச்.ரி.எம்.எல். பக்கத்தை அனுப்பும்போது அதன் முடிவில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை ஒட்டி அனுப்பு.

அந்தத் துண்டின் வேலை இவ்வளவுதான்: வினாடிக்கு ஒரு தடவை அந்த முகவரியிடம் எண்ணைக் கேட்பது, முன்பு வந்த எண்ணிலிருந்து மாறியிருந்தால் பக்கத்தைப் புதிதாக ஏற்றுவது. திரையின் ஒரு பாதியில் கோப்பு, மறுபாதியில் பக்கம். சேவ் பண்ணிய மறு வினாடியே பக்கம் மாறும். துண்டைச் சேர்வர் போகிற வழியில் ஒட்டுவதால் நம் மூலக் கோப்பில் ஒரு எழுத்தும் கூடாது, குறையாது. பதிவேற்றும்போது மறந்துபோய் அதையும் அனுப்பிவிடும் பயமும் இல்லை.

மத்ரஸாவில் ஓதும் பிள்ளை உஸ்தாதுக்கு முன்னால் இருந்து பாடம் கொடுக்கிறது. நாக்குத் தவறிய இடத்திலேயே உஸ்தாத் நிறுத்தித் திருத்துகிறார். அதே பிழையை ஒரு மாதம் கழித்துச் சொன்னால் பிள்ளைக்கு அது பழகிப்போயிருக்கும். பதிப்பு வேலையும் அப்படித்தான். பிழை செய்த வினாடியில் தெரிந்தால் ஏன் வந்ததென்றும் தெரியும். பதிவேற்றிய பிறகு தெரிந்தால் எங்கே தொடங்குவதென்றே விளங்காது.

வாசலைச் சாத்துதல்

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன ஒற்றை வரிச் சேர்வர், வேறொன்றும் சொல்லாவிட்டால், உங்கள் கணினிக்கு வரும் எல்லாத் தொடர்புகளுக்கும் விடையளிக்கும். அதே வை-பையில் இருக்கும் இன்னொருவர் உங்கள் கணினியின் முகவரியைத் தட்டினால், அந்தக் கோப்புறையிலுள்ள எல்லாவற்றையும் பார்க்க முடியும். கணினியின் தீச்சுவர் இதைத் தடுக்கலாம். அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பரீட்சை வினாத்தாள்களும் மாணவர் புள்ளிகளும் கிடக்கும் கோப்புறையிலிருந்து ஒருபோதும் சேர்வரை ஓடவிடாதீர்கள். கட்டளை வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறிகளும் அவற்றோடு ஒட்டிய பைன்ட் என்ற சொல்லும், மீண்டும் ஓர் இடைவெளியும் 127.0.0.1 என்ற முகவரியும் சேர்த்தால் வாசல் உள்ளே மட்டும் திறந்திருக்கும்.

வேண்டுமென்றே திறந்து வைக்கும் சந்தர்ப்பமும் உண்டு. நம் வாசகர்களில் பலர் வாசிப்பது போனில்தான். வீட்டு வை-பையில் போனை இணைத்து, கணினியின் முகவரியையும் 8000ஐயும் தட்டினால், சின்னத் திரையில் அரபு வரிகள் எங்கே மடிகின்றன, அட்டவணைகள் எங்கே வெட்டுப்படுகின்றன என்று பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்தச் சேர்வரைப் பொது இணையத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டாமென்று பைதன் கையேடே சொல்கிறது. இது ஒப்புநோக்குவதற்கான கருவி மட்டும்.

சேர்வர் பிழையைத் திருத்தாது. கண்ணுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். 18-3 என்று திரையில் தெரிந்தாலும், அது 3-18 ஆக இருக்க வேண்டுமென்று அறிந்த ஒருவர் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். இப்போது நான் பக்கத்தைப் பதிவேற்றுவதற்கு முன்பு முஸ்ஹபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோப்பைப் பாராமல் பிரவுசரில் தெரியும் ஒவ்வோர் இலக்கத்தையும் அதில் தேடி எடுத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு அந்த மௌலவிக்கும் இணைப்பை அனுப்பிவைக்கிறேன்.